கேம்பரை இழுத்துக்கொண்டு 4,000 கிலோமீட்டர்: வீடு மாறும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். இன்னும் இரண்டு மாதத்தில் நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குடிபெயர்கிறோம். நான், மனைவி, ஏழு வயது மகள். அங்கே வேலை உறுதியாகிவிட்டது, வீடுதான் இன்னும் அமையவில்லை, அதனால் முதல் சில வாரங்கள் கேம்பரிலேயே (டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் நடமாடும் வீடு) தங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். எங்கள் பிக்கப் டிரக் 3,500 கிலோ வரை இழுக்கும். கேம்பர் காலியாக 2,100 கிலோ, சாமான்களோடு 2,900 கிலோவைத் தாண்டக் கூடாது. இதுவரை வார இறுதிகளில் 200 கிலோமீட்டருக்குள்தான் இழுத்துப் போயிருக்கிறேன்.

மரச்சாமான்களை விற்றுவிட்டோம். புத்தகப் பெட்டிகள், பாத்திரங்கள், தையல் இயந்திரம் எல்லாவற்றையும் கேம்பரின் பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிட்டால் நடுவில் நடக்க இடம் கிடைக்கும். இழுதிறனில் 600 கிலோ மிச்சம் இருப்பதால் எடையைப் பற்றிக் கவலை வேண்டாம்தானே? வேறு என்ன பார்க்க வேண்டும்?

மறுமொழி 1

முதல் வேலையாக அந்தப் புத்தகப் பெட்டிகளைப் பின்னால் அடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கேம்பரின் சக்கர அச்சை சீசா பலகையின் நடுக்கட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் கனத்தால் முன்பக்கம் தூக்கும், ஹிட்ச் (கேம்பரை டிரக்கோடு மாட்டும் இணைப்பு) மேல் அழுத்தம் குறையும், அப்போது ஒரு பெரிய லாரி பக்கத்தில் வேகமாகக் கடந்தாலே கேம்பர் வாலாட்ட ஆரம்பிக்கும், வேகம் கூடக்கூட ஆட்டமும் தானாகவே பெருகிக்கொண்டு போகும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் இறங்க வேண்டும். கனமானவை எல்லாம் தரையோடு, அச்சுக்குச் சற்று முன்னால்.

அடுத்து, இழுதிறனைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், டிரக் தன் மேல் எவ்வளவு சுமக்கலாம் என்று அதில் இருக்கும். பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது அதுதான். அதில் 640 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2,900 கிலோ கேம்பருக்கு 12 சதவீதம் என்றால் 348 கிலோ ஹிட்ச் வழியாக டிரக் மேல் இறங்கும். மீதி 292. அதில் நீங்கள் மூவரும் 165, ஹிட்ச் சாமான் 40. மிஞ்சுவது 87 கிலோதான், டிரக்கின் பின்தொட்டியில் வைக்கும் ஒவ்வொரு பெட்டியும் அதில்தான் அடங்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியையும் மறக்காதீர்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ.

லாரிகளை எடை போடும் எடைமேடைக்குப் போங்கள். கேம்பரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் ஒரு முறை, மாட்டியபின் டிரக்கின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒரு முறை. எடையைப் பகிர்ந்தளிக்கும் கம்பிகள் இருந்தால் அப்போது மாட்ட வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஹிட்ச் எடை.

எப்போதாவது ஆட்டம் வந்துவிட்டால் டிரக் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக் கண்ட்ரோலரில் (டிரக்கில் உட்கார்ந்தபடியே கேம்பர் பிரேக்கை இயக்கும் கருவி) கையால் இயக்கும் விசையை அழுத்தி கேம்பர் பிரேக்கை மட்டும் போடுங்கள். காலி மைதானத்தில் நாலைந்து தடவை அந்த விசைக்குக் கையைப் பழக்கிவிடுங்கள்.

மறுமொழி 2

எடையை மேலே உள்ளவர் சரியாகச் சொல்லிவிட்டார். நான் சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பேரிங் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டிருக்கிறேன். நாங்கள் இதேபோல இடம் மாறியபோது ஒரு பட்டறையில் காட்டி, எல்லாம் சரி என்று கேட்டுக்கொண்டு கிளம்பினோம். 900 கிலோமீட்டர் தாண்டியதும் இடது சக்கரத்தில் புகை. கிரீஸே மாற்றவில்லை. இரண்டு குழந்தைகளோடு சாலையோரத்தில் ஐந்து மணி நேரம். கூட நின்று பார்த்து கிரீஸ் போடச் சொல்லுங்கள். அப்புறம், நிறுத்தும் இடத்திலெல்லாம் இறங்கிச் சக்கர நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

டயர் பட்டன் தேயாமல் இருக்கிறது என்று நம்ப வேண்டாம், கேம்பர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெட்டுப்போகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வயதைத் தொட்டிருந்தால் நான் மாற்றிவிடுவேன். சக்கரம் கழற்றி மாட்டினால் 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

மறுமொழி 3

ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். குழந்தை இருக்கிறாள், வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்தால்தான் பின்னோக்கி எடுத்து நிறுத்துவது சுலபம். இறக்கத்தில் இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகிப் பிடிக்காமல் போகும். கேம்பரின் உயரத்தை அளந்து டாஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள். ஓடும்போது கேஸ் சிலிண்டர் மூடியிருக்கட்டும். சான்றிதழ்கள், மருந்து, இரண்டு நாள் துணி உங்களோடு டிரக்கில்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று எடைமேடைக்குப் போனேன். டிரக் மட்டும் 2,700. கேம்பரை மாட்டியபின் டிரக் சக்கரங்களில் 2,890. அதாவது ஹிட்ச் மேல் வெறும் 190 கிலோ, கேம்பர் மொத்தம் 2,680, வெறும் 7 சதவீதம். சோதனைக்காக என் திட்டப்படி பின்னால்தான் அடுக்கியிருந்தேன். அப்படியே மகளை உட்கார வைத்துக் கிளம்பியிருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை.

இன்று புத்தகங்களையும் கனமான பாத்திரங்களையும் இறக்கிவிட்டோம், 280 கிலோ. அவற்றைச் சரக்கு லாரியில் தனியாக அனுப்புகிறோம். தையல் இயந்திரத்தை மட்டும் மனைவி விடவில்லை, அச்சுக்கு முன்னால் தரையில் வைத்துக் கட்டியாயிற்று. மறுபடி எடை போட்டதில் கேம்பர் 2,400, ஹிட்ச் மேல் 285. டயரில் 1617 என்று இருக்கிறது, நான்கையும் மாற்றச் சொல்லிவிட்டேன். பேரிங் சனிக்கிழமை, கூடவே நிற்கப் போகிறேன்.