யானை முன்னே, மணியோசை பின்னே

பழைய மாலுமி:
நேற்று வேறொரு திரியில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்: "ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் ரேடாரில் தொடங்கும் சென்சார் வரிசை டாக்கியான் சென்சாரில் முடிகிறது. டாக்கியான் என்பது கோட்பாட்டில் மட்டும் உள்ள துகள், ஒளியைவிட வேகமானது. ஆகவே ஒளியை மிஞ்சிப் பாய்ந்து வரும் எதிரிப் படையை அது முன்கூட்டியே காட்டுவது அறிவியல்படி சரி." படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. டாக்கியானுக்கு ஆற்றல் கூடினால் வேகம் குறையும். மறுபடியும் சொல்கிறேன், குறையும். மிக வேகமான டாக்கியான் என்பது ஆற்றல் வற்றிப்போன டாக்கியான். வலுவான சைகை வேண்டுமென்றால் அது ஏறக்குறைய ஒளியின் வேகத்தில்தான் வந்து சேரும். ஒளியைப்போல் பத்து மடங்கு வேகத்தில் வரும் கப்பலை அது எப்படி முந்தும்?

தெற்குவாசல்:
அதை எழுதியவன் நான்தான். "ஒருவர்" என்று மறைத்து எழுதுவானேன்? பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். சென்சார் எல்லைக்குள் படை வந்தால் திரையில் தெரிகிறது. நானூறு மணி நேரம் ஆடியவன் சொல்கிறேன், தெரிகிறது.

பழைய மாலுமி:
தெரியவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? அதற்கு டாக்கியானைக் காரணம் காட்டியதைத்தான் மறுக்கிறேன். கணக்கைப் பாருங்கள். ப்ராக்ஸிமா செண்டாரி சுமார் 4.2 ஒளியாண்டு தொலைவு. அங்கிருந்து பத்து மடங்கு ஒளிவேகத்தில் புறப்பட்ட படை ஐந்து மாதத்தில் நம் வாசலில் நிற்கும். அது புறப்பட்ட வெளிச்சம் நமக்கு வந்து சேர நான்கு ஆண்டுக்கு மேலாகும். படை வந்து நின்ற பிறகு, அருகில் விட்ட ஒளி முதலிலும் தொலைவில் விட்ட ஒளி கடைசியிலும் வரும். வந்தவன் பின்னோக்கித் திரும்பிப் போவதுபோல் வானத்தில் தெரியும்! "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே யானைதான் முன்னே.

எல்லைக்காவல்:
இருவரும் முதலில் "கண்டறிதல்" என்றால் என்ன என்று சொல்லிவிட்டுச் சண்டையிடுங்கள். படை புறப்படுவதையா, நடுவழியில் இருப்பதையா, வந்து இறங்குவதையா? 2016இல் விளையாட்டு வெளிவந்தபோது எந்தத் திசையிலும் பாயும் வார்ப், புழை திறந்து கடக்கும் வார்ம்ஹோல், விண்மீன்களை இணைக்கும் நிலையான தடத்தில் செல்லும் ஹைப்பர்லேன் என்று ஒளியை மிஞ்சிச் செல்ல மூன்று வழிகள் இருந்தன. மூன்றும் ஒரேவிதமான தடயத்தையா விடும்?

பழைய மாலுமி:
எந்த வழியானாலும் டாக்கியானுக்கு ஆற்றல் கூடினால் வேகம் குறையும்.

தெற்குவாசல்:
அவற்றில் வார்ப், வார்ம்ஹோல் என்ற இரண்டு தொடக்க வழிகளையும் 2018 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பு ஒழித்துக்கட்டியது. எல்லோரையும் ஹைப்பர்லேன் தடத்தில் அடைத்தார்கள். அன்றைக்கு அதைக் கைதட்டி வரவேற்றவர்களில் மாலுமியும் ஒருவர். நான் மறக்கவில்லை.

பழைய மாலுமி:
இன்றும் கைதட்டுவேன். வார்ப் இருந்தபோது எல்லை என்ற ஒன்றே இல்லை. எந்தத் திசையிலிருந்தும் வந்து விழுவார்கள். இப்போது ஒரு குறுகலான சந்தியில் ஸ்டார்பேஸ் என்ற விண்தளம் கட்டி, பாய்ச்சலைத் தடுக்கும் கருவியைப் பொருத்தினால் எதிரி அங்கே நின்று போரிட்டுத்தான் ஆக வேண்டும். போர்த்தந்திரம் என்பது அதுதான்.

எல்லைக்காவல்:
தடமே இல்லாமல் தாவ வைக்கும் ஜம்ப் டிரைவ் எதிரிக்குக் கிடைக்கும் வரைதான் அந்தத் தந்திரம் செல்லும். சென்ற வாரம் என் சந்தியில் அத்தனை காவலையும் நிறுத்திவிட்டு, தலைநகரில் கட்டுமானப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு சிவப்புக் குறி. தலைநகருக்கு அடுத்த விண்மீனில், என் காவலுக்குப் பின்னால், ஒரு முழுப் படை. தடத்தில் வரவே இல்லை, தாவி வந்துவிட்டது. தாவிய படைக்குச் சிறிது காலம் தாக்கும் வலு குறையும் என்பதால் பிழைத்தேன். அது தாவப்போகிறது என்று எந்தச் சென்சாரும் எனக்குச் சொல்லவில்லை. இதைத்தான் கேட்கிறேன், இதைக் கண்டறிதல் என்பதா?

மூன்றாம் நிலவு:
மாலுமி அண்ணா, ஒளியை எதுவும் முந்தாது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமா? 2011இல் நியூட்ரினோ என்ற துகள் ஒளியை முந்தியதாகச் செய்தி வந்ததே.

பழைய மாலுமி:
நான் சொல்லாததை என் தலையில் கட்டாதே, அம்மா. அந்தச் செய்தியும் பொய்த்துப்போனது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்துக்குச் சுமார் 730 கிலோமீட்டர். 60 நானோ விநாடி முன்னதாக வந்ததாகச் சொன்னார்கள். கடைசியில் ஓர் ஒளியிழைக் கம்பி சரியாகச் செருகப்படவில்லை என்று தெரிந்தது. டாக்கியானின் கதை வேறு. 1967இல் இயற்பியலாளர் ஃபைன்பெர்க் பெயர் வைத்த நாளிலிருந்தே அதன் கணக்கு இதுதான். ஆற்றல் கூடினால்…

நெடுவழி:
ஃபைன்பெர்க்கா? அவருக்கு ஐந்தாண்டு முன்பே, 1962இல், பிலானியுக், தேஷ்பாண்டே இருவருடன் சேர்ந்து இயற்பியலாளர் சுதர்சன் ஒளியைவிட வேகமான துகளைப் பற்றி எழுதிவிட்டார். கோட்டயத்துக்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். அவர் பெயரை விழுங்கிவிட்டு டாக்கியான் பாடம் நடத்துகிறீர்கள்.

பழைய மாலுமி:
"பெயர் வைத்த" என்று எழுதினேன். பெயர் வைத்தவர் ஃபைன்பெர்க்தான். படித்துவிட்டு எழுதுங்கள்.

நெடுவழி:
2005இல் நோபல் குழுவும் இப்படித்தான் இயற்பியல் பரிசுக்குக் கிளாபரைப் பார்த்தது, சுதர்சனைப் பார்க்கவில்லை. அவர் அப்போதே வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். நம் ஆட்களே பெயரைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

தெற்குவாசல்:
நெடுவழிக்கு நன்றி. மாலுமிக்கு ஒரு கேள்வி. டாக்கியானின் ஆற்றல் சுழியமே ஆனாலும் உந்தம் சுழியமாகாது. அந்த உந்தத்தை உணரும் கருவிதான் டாக்கியான் சென்சார் என்று நான் சொன்னால் உங்கள் பதில் என்ன?

பழைய மாலுமி:
பேச்சை மாற்றாதீர்கள். நேற்று நீங்கள் உந்தம் என்று ஒரு சொல் எழுதவில்லை. வேகமானது என்று மட்டும் எழுதினீர்கள். விளையாட்டில் சென்ட்ரி அரே என்ற மாபெரும் கண்காணிப்பு அமைப்பைக் கட்டி முடித்தால் விண்மீன் பேரடை முழுவதும் அதே நொடியில் தெரிகிறது. அதற்கும் டாக்கியான்தான் காரணம் என்பீர்களா?

தெற்குவாசல்:
பதில் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

பழைய மாலுமி:
நேற்று எழுதியதைத் திருத்துங்கள், பிறகு பேசலாம். ஆற்றல் கூடினால் வேகம் குறையும்.

எல்லைக்காவல்:
புறப்படுவதா, வந்து இறங்குவதா? இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.