472 கிலோஹெர்ட்ஸ் லோடிங் காயில்: ட்யூன் பண்ணி வச்சா அரை நிமிஷத்துல நழுவிப் போகுது, யாராவது உதவுங்க

குட்டித்தோட்டம்:
வணக்கம் எல்லாருக்கும். இங்கிலாந்துல லெஸ்டர் பக்கம் இருக்கேன், ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) ஃபுல் லைசென்ஸ் இருக்கு, இந்தக் குளிர்காலத்துல 630 மீட்டர் பேண்டுல, அதாவது 472–479 கிலோஹெர்ட்ஸ்ல, விஸ்பர் (WSPR, மெல்லிசான சிக்னல் எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கற டிஜிட்டல் முறை) அனுப்பிப் பாக்கலாம்னு இறங்கியிருக்கேன். பின்னாடி இருக்கறது சின்னத் தோட்டம்தான், கால் அலைக்கு 157 மீட்டர் கம்பி வேணும்னா பக்கத்துத் தெருவையும் சேத்து வாங்கணும். அதனால 10 மீட்டர் மேல ஏத்தி, அங்கேருந்து 20 மீட்டர் படுக்கையா இழுத்த இன்வெர்ட்டட் எல், அதாவது தலைகீழ் எல் வடிவ ஏரியல். கம்பி குட்டையா இருக்கறத ஈடு கட்ட, கீழ 110 மில்லிமீட்டர் பிவிசி பைப்புல 90 சுத்து லோடிங் காயில். ஃபைன் ட்யூனிங்குக்கு பழைய மீடியம் வேவ் ரேடியோல இருந்து கழட்டின ஃபெரைட் ராடு ரெண்ட சேத்துக் கட்டி பைப்புக்குள்ள மேலயும் கீழயும் நகத்துற மாதிரி வச்சிருக்கேன்.

நானோ விஎன்ஏல (ரொம்பக் கம்மி பவர்ல ஏரியல அளக்கற சின்னக் கருவி) பாத்தா எஸ்டபிள்யூஆர் (பவர் எவ்வளவு பொருந்தாம திரும்புதுன்னு காட்டற அளவு, 1தான் சுத்தம்) 1.2, ஜோரா இருக்கு. 50 வாட் விட்டா முதல்ல ஓகே, அப்புறம் மெல்ல ஏற ஆரம்பிச்சு அரை நிமிஷத்துல 2.5க்கு மேல போயி ஆம்ப்ளிஃபயர் ட்ரிப் ஆயிடுது. ஆற விட்டா மறுபடி பழைய மாதிரி. கனெக்டர், எர்த் எல்லாம் பாத்தாச்சு. எங்க தேடறது?

கோவை வால்வு:
ராட தொட்டுப் பாத்தீங்களா? டிரான்ஸ்மிட்டர ஆஃப் பண்ணிட்டுத்தான்!!

குட்டித்தோட்டம்:
தொட்டேன் அண்ணா, வடை சுட்ட சட்டி மாதிரி கொதிக்குது. காயில் கம்பி லேசா வெதுவெதுப்புதான்.

கோவை வால்வு:
அப்ப ஆள் சிக்கிட்டான். அந்த ராடு ரிசீவருக்குச் செஞ்சது, மைக்ரோவோல்ட் சமாச்சாரம். அதுல ஆம்பியர் கணக்குல ஆர்எஃப் (ரேடியோ அலை கரண்ட்) ஓட்டினா சூடாகும், சூடானா பெர்மியபிலிட்டி (காந்தப்புலத்த உள்ள விடற தன்மை) மாறும், இண்டக்டன்ஸும் கூடவே நகரும். கணக்கு போட்டுப் பாருங்க, உங்க கம்பி சுமார் 170 பிகோஃபேரட் கெபாசிட்டர் மாதிரி நிக்கும், 475 கிலோஹெர்ட்ஸ்ல அதோட ரியாக்டன்ஸ் (ஏசிக்குக் காட்டற எதிர்ப்பு) 1970 ஓம் பக்கம், அத சரிக்குச் சரி அடிச்சுக் கழிக்க 660 மைக்ரோஹென்றி காயில் வேணும். இதுல வெறும் 1 சதவீதம் நகந்தாலே 20 ஓம் மிச்சம் நிக்குது. ரெண்டரை சதவீதம்னா 50 ஓம், நீங்க சொல்ற 2.5 அங்கதான் வருது. விஎன்ஏ விடற பவர்ல எதுவும் சூடாகாது, அதான் அது எப்பவும் நல்ல பிள்ளை மாதிரி 1.2 காட்டுது. விஸ்பர் வேற ஒரு தடவை ஆரம்பிச்சா 110 செகண்டு விடாம கேரியர், மோர்ஸ் மாதிரி நடுவுல மூச்சு விடாது.

நான் இங்க 160 மீட்டர் பேண்டுல ரோலர் இண்டக்டர் (உருளுற காண்டாக்டால எத்தன சுத்து வேணும்னு மாத்திக்கற காயில்) வச்சு ஓட்டறேன். பழைய ட்யூனர்ல வர்ற 28 மைக்ரோஹென்றி ரோலர் கிடைச்சா உங்க காயிலோட சீரீஸ்ல, அடிப்பக்கம், அதாவது வோல்டேஜ் கம்மியா இருக்கற முனையில போட்டுப் பாருங்க. 4 சதவீதம் நகத்தலாம், 472லேருந்து 479 வரைக்கும் போக 3 சதவீதம்தான் வேணும்.

பழைய ரேடியோ ஆபீசர்:
தம்பி, ரோலர் பேண்டுக்குப் பத்தும், மழைக்குப் பத்தாது. கம்பி நனைஞ்சா, பக்கத்து மரம் இலை விட்டா கெபாசிட்டன்ஸ் நகந்துகிட்டே இருக்கும். ரோலர்ல உருளுற காண்டாக்டும் நாளாவட்டத்துல கறுத்துப் போயி பொறி விடும். வேரியோமீட்டர் செய்ங்க, அதாவது ஒரு காயிலுக்குள்ள இன்னொரு காயில் சுழல்றது.

நான் தூத்துக்குடிக்காரன், கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்தவன். 500 கிலோஹெர்ட்ஸ் மெயின் டிரான்ஸ்மிட்டர்ல ஏரியல் ட்யூனிங்னு பெரிய கைப்பிடி இருக்கும், அதுக்குப் பின்னாடி இருக்கறது பல செட்டுல இந்த வேரியோமீட்டர்தான். உப்புத்தண்ணி அடிச்சு இன்சுலேட்டர் நனைஞ்சா கைப்பிடிய கொஞ்சம் திருப்புவோம், கரையில இருக்கற மெட்ராஸ் ரேடியோ ஸ்டேஷன் பதில் சொல்லும். மணிக்கு ரெண்டு தடவை மூணு மூணு நிமிஷம் எல்லாரும் வாய மூடி, ஆபத்து அழைப்பு வருதான்னு காது மட்டும் குடுத்த காலம் அது, 1999 பிப்ரவரில ஜிஎம்டிஎஸ்எஸ் (கப்பல்களுக்கான புது ஆபத்துத் தொடர்பு முறை) முழுசா வந்ததோட எல்லாம் போச்சு.

சரி விஷயத்துக்கு வரேன். அதே 110 பைப்புல தனியா ஒரு துண்டு எடுத்து 20 சுத்து, நடுவுல தண்டு போக இடம் விட்டு பத்து பத்தா பிரிச்சுச் சுத்துங்க. உங்க ஊர்ல மழைத்தண்ணி இறங்கற 68 மில்லிமீட்டர் பைப்பு வரும்ல, அதுல 65 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி 24 சுத்து. இது உள்ள சுழலணும், மூலைக்கு மூலை 94 மில்லிமீட்டர்தான் வரும், இடிக்காது. ரெண்டையும் சீரீஸ்ல குடுங்க. ஒரே பக்கம் பாத்தா கூடும், எதிரெதிர் பாத்தா கழியும், குறுக்க நின்னா ரெண்டும் சும்மா தனித்தனியா நிக்கும். சுமாரா 60லேருந்து 130 மைக்ரோஹென்றி வரை வழுக்கிகிட்டே போகும், எங்கயும் காண்டாக்ட் கிடையாது. உள் காயிலுக்கு மெல்லிசான நெகிழ்ற வயர் விட்டு, அரைச் சுத்துக்கு மேல திரும்பாம ஒரு ஸ்டாப்பர் வைங்க, இல்லேன்னா வயர் முறுக்கி அறுந்துடும். தண்டு மரக்குச்சியா இருக்கட்டும், இரும்பு வேண்டாம். ஃபெரைட்ட உருவிட்டு பெரிய காயில்ல இன்னும் அஞ்சு சுத்து ஏத்துங்க, 560 மைக்ரோஹென்றி கிட்ட வரும், மிச்சத்த வேரியோமீட்டர் பாத்துக்கும்.

இன்னொண்ணு. இண்டக்டன்ஸ் கூட இருக்கா குறைவா இருக்கான்னு எஸ்டபிள்யூஆர் மீட்டர் சொல்லாது. காயிலோட அடிமுனையில சின்ன டொராய்டு (வளையக் கோர்), டயோடு, மீட்டர் வச்சு ஏரியல் கரண்ட்ட பாருங்க, அது எங்க உச்சமோ அங்க நிறுத்துங்க. மேல்முனையப் பக்கத்துல போகாதீங்க, 1 ஆம்பியர் ஓடினா அங்க 2000 வோல்ட் நிக்கும், பீக்கு இன்னும் ஜாஸ்தி.

குட்டித்தோட்டம்:
சார் ரொம்ப நன்றி!! வார இறுதியில செஞ்சுட்டேன். இப்ப விஸ்பர் முழுசா ஓடியும் ஊசி அசையல. நேத்து மழை, கரண்ட் கொஞ்சம் இறங்குச்சு, குமிழ ஒரு துளி திருப்பினதும் ஏறிடுச்சு. 50 வாட்டுக்கு 0.9 ஆம்பியர் காட்டுது. இது நல்லதா கெட்டதா? அப்புறம் எல்லாத்தையும் இரும்புப் பெட்டிக்குள்ள வைக்கலாமா?

பழைய ரேடியோ ஆபீசர்:
50ஐ 0.81ஆல வகுங்க, மொத்தம் 62 ஓம். அதுல காயில் எட்டு பத்து ஓம் தின்னும், ஏரியல் நிஜமா வீசறதுக்கு ஆகறது 0.3 ஓம் அளவுதான், பாக்கி பூராவும் மண்ணுதான் சாப்பிடுது. காத்துல போறது கால் வாட், ஈஐஆர்பி (எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வீசற கற்பனை ஏரியலோட ஒப்பிட்ட பவர்) முக்கால் வாட் மாதிரி வரும். உங்க ஊர் வரம்பு 5 வாட், கவலையே இல்ல. இனிமே காயில்ல காசு போடாதீங்க, லிட்ஸ் வயர் (பல மெல்லிய இழை சேந்த கம்பி) கிட்ஸ் வயர்னு யாராவது சொன்னாலும் கேக்காதீங்க, வேலியோரமா எத்தன ரேடியல் (எர்த்தோட சேந்த தரைக் கம்பி) ஓட்ட முடியுமோ ஓட்டுங்க.

இரும்புப் பெட்டி வேண்டாம், காயிலச் சுத்தி அதோட குறுக்களவு அளவுக்காவது எல்லாப் பக்கமும் இரும்பு இல்லாம இருக்கணும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா எடுத்து, அடியில தண்ணி வடிய ரெண்டு ஓட்டை போடுங்க.

கோவை வால்வு:
டப்பா கறுப்புக் கலர்ல வாங்கிடாதீங்க, சிலதுல கார்பன் கலந்திருக்கும், அது ஆர்எஃப்ப உறிஞ்சிடும். ஒரு துண்டு வெட்டி, ஒரு டம்ளர் தண்ணியோட மைக்ரோவேவ்ல ஒரு நிமிஷம் வைங்க, பிளாஸ்டிக் தனியா சூடானா அது வேண்டாம். 73 (ஹாம் பாஷையில வாழ்த்துகள்).