ஏழெழுபதா, எழுபத்தேழா?

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்
ஞாயிறு, பிற்பகல் 1:42

ரூபி அத்தை: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு சந்தேகம். ஞாயிறு பள்ளி வினாடி வினாவில் "எத்தனை தரம் மன்னிக்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்கள். நம்ம பென்னி 77 என்று எழுதினானாம். தப்பு, 490தான் சரி என்று அடித்துவிட்டார்கள். பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான்.

பெரியப்பா: 490தானே! மத்தேயு 18:22, "ஏழெழுபதுதரமட்டும்". இதில் என்ன சந்தேகம்?

ரூபி அத்தை: அவனுடைய இங்கிலீஷ் பைபிளில் 77 என்றுதான் இருக்கிறது அண்ணா. என்ஐவி மொழிபெயர்ப்பு. 📷

பெரியப்பா: 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் இங்கிலீஷ் பைபிளைப் பார். அதில் எழுபது தரம் ஏழு. பெருக்கல்தான்.

ஸ்டீபன் மாமா: ஜெபா எங்கே? இரண்டு வருஷமாக இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படிக்கிறான். இதற்குக்கூட உதவாதா?

பெரியப்பா: தூங்குவான்.

ஜெபா அண்ணன்: தூங்கவில்லை அப்பா 😑 மூலத்தில் இருப்பது "ஹெப்தொமேகொந்தாகிஸ் ஹெப்தா". ஹெப்தொமேகொந்தா எழுபது, ஹெப்தா ஏழு. எழுபதோடு ஒட்டியிருக்கும் "கிஸ்" நம்முடைய "தரம்". அப்படியே போட்டால் "எழுபதுதரம் ஏழு".

பெரியப்பா: அதைத்தானே சொன்னேன். 490.

ஜெபா அண்ணன்: அவசரப்படாதீர்கள். முந்தின வசனத்தில், எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று இயேசுவிடம் கேட்கும் பேதுரு "ஏழுதரமட்டுமோ" என்று கேட்கிற இடத்தில் "ஹெப்தாகிஸ்" என்று வாலோடு வருகிறது. பெருக்கல் என்றால் இங்கேயும் ஏழுக்கு அந்த வால் வேண்டாமா என்பது 77 கட்சியின் கேள்வி. கேம்பிரிட்ஜில் பெசா என்ற பழைய கைப்பிரதி இருக்கிறது. அதில் மட்டும் "ஹெப்தாகிஸ்" என்று வால் ஒட்டியிருக்கும். எழுதியவருக்கும் நம் பென்னியின் டீச்சருக்கும் ஒரே எண்ணம் போல. பழைய லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவிலும் இரண்டு சொல்லுக்கும் வால் உண்டு.

நான்: தமிழில் இந்தக் குழப்பமே வராதே. சின்ன எண் முன்னால் நின்றால் பெருக்கல்: ஈரேழு பதினாலு. பெரிய எண் முன்னால் நின்றால் கூட்டல்: எழுபத்தேழு.

ஜெபா அண்ணன்: அதனால்தான் தமிழில் பெயர்க்கிறவருக்குத் தப்பிக்க வழியில்லை. ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். கிரேக்கத்தில் பெரிய எண்தான் முன்னால் நிற்கிறது, ஆனால் "தரம்" நடுவில் மாட்டிக்கொண்டது.

ஸ்டீபன் மாமா: அப்போது பென்னிக்கு அரை மதிப்பெண்ணா?

ஜெபா அண்ணன்: என்னைக் கேட்டால் முழு மதிப்பெண். சித்தி, ஆதியாகமம் 4:24 எடுங்கள்.

அம்மா: "காயீனுக்காக ஏழு பழி சுமருமானால், லாமேக்குக்காக எழுபத்தேழு பழி சுமரும்." இது லாமேக்கு தன் இரண்டு மனைவிகளிடமும் பெருமையடிக்கிற இடம் அல்லவா?

ஜெபா அண்ணன்: ஆமாம். எபிரெயத்தில் அது எழுபதும் ஏழும், சுத்தமாக 77. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நியாயப்பிரமாண நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள், செப்துவஜிந்த். (அந்தப் பெயருக்கே எழுபது என்றுதான் அர்த்தம்.) அதில் இந்த வசனத்துக்கு என்ன சொல் தெரியுமா? அதே ஹெப்தொமேகொந்தாகிஸ் ஹெப்தா. எழுத்துப் பிசகவில்லை.

அம்மா: அப்படியென்றால் லாமேக்கு பழிக்குச் சொன்ன எண்ணை எடுத்து ஆண்டவர் மன்னிப்புக்கு வைக்கிறாரா!

ஜெபா அண்ணன்: நான் அப்படித்தான் வாசிக்கிறேன் சித்தி. நம் வேதாகமத்தில் அங்கே எழுபத்தேழு, இங்கே ஏழெழுபது. இரண்டும் ஒரே சொல் என்று தமிழில் வாசிக்கிற யாருக்கும் தோன்றாது.

பெரியப்பா: நாற்பது வருஷமாக வாசிக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை.

(2:20 வரை யாரும் எதுவும் எழுதவில்லை.)

பெரியப்பா: சரி, அடுத்து வரும் உவமையில் ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்ட கடன், பதினாயிரம் தாலந்து? அதிலும் ஏதாவது வைத்திருக்கிறாயா?

ஜெபா அண்ணன்: அது "மூரியோய்". கிரேக்கத்தில் தனிப்பெயர் உள்ள எண்களில் அதுதான் பெரியது. ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி.

நான்: அப்படியானால் 6 கோடி நாள் கூலி. ஒரு நாள்கூட லீவு போடாமல் உழைத்தாலும் அடைக்க 1,64,000 வருஷம் ஆகும் 😳 அதை ராஜா தள்ளுபடி செய்த பிறகுதான் இந்த ஆள் 100 தெனாரியத்துக்கு உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான்.

ஸ்டீபன் மாமா: முதலில் அந்த ஆளுக்கு இவ்வளவு கடன் கொடுத்தது யார்?

ரூபி அத்தை: பென்னி சாப்பிட்டுவிட்டான். லாமேக்கு வசனத்தைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறான், அடுத்த ஞாயிறு டீச்சரிடம் காட்டுவானாம்.

பெரியப்பா: மரியாதையாகக் காட்டச் சொல். தமிழ் வேதாகமத்தைப் பார்த்து 490 என்றதில் அவர்கள் தப்பும் இல்லை.

பெரியம்மா: இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரூபி, கிறிஸ்துமஸுக்கு வாங்கிப்போன இட்லிக் கொப்பரை எங்கே?

ஸ்டீபன் மாமா: மதினி, 490இல் இது எத்தனையாவது?

பெரியம்மா: கொப்பரை வீட்டுக்கு வந்த பிறகு எண்ணத் தொடங்குகிறேன்.