உரிமையாளரை எதிர்த்து மைதானத்தைக் காலியாக விடுவது அணியைத் தண்டிப்பதாகிவிடாதா?

கோல்கம்பத்தோரம் (கேள்வி)

ஒரு கால்பந்து கிளப்பின் உரிமையாளர் மீது ரசிகர்களுக்கு நம்பிக்கை அடியோடு அற்றுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தாமதமாகிறது, கடன் ஏறிக்கொண்டே போகிறது, கேட்ட கேள்விக்குப் பதில் வருவதில்லை. அந்நிலையில் ரசிகர்கள் பேசத் தொடங்குவது பெரும்பாலும் புறக்கணிப்பைப் பற்றித்தான். 2025 அக்டோபர் 22 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வெனஸ்டே கிளப்பின் ரசிகர்களில் பெரும்பாலோர் மிடில்ஸ்பரோவுக்கு எதிரான ஆட்டத்துக்குப் போகவில்லை. இரண்டே நாளில், 24-ஆம் தேதி, கிளப் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. 2015-லிருந்து கிளப்பை வைத்திருந்த டெஜ்போன் சான்சிரியின் காலம் முடிந்தது. அன்றே கிளப்பின் கடைக்கு ரசிகர்கள் திரண்டு வந்து கையில் கிடைத்ததை வாங்கிச் சென்றார்கள் என்ற செய்தியைப் படித்தபோது எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் திவால் நிர்வாகத்துக்குப் போனதற்குத் தண்டனையாக அதே நாளில் லீக் பட்டியலில் அணிக்கு 12 புள்ளிகள் கழிக்கப்பட்டன.

என் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. காலி இருக்கைகளைப் பார்த்து வருந்துபவர் எங்கோ அமர்ந்திருக்கும் உரிமையாளர் அல்லர். சம்பளம் வராவிட்டாலும் சட்டையை மாட்டிக்கொண்டு களமிறங்கும் இருபது வயதுப் பையன்தான். மறுபுறம், சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டு உள்ளே அமர்ந்து ‘வெளியேறு’ என்று கத்துவது, ஒரு கையால் கூலி கொடுத்துக்கொண்டே வாயால் வைவதைப் போல இருக்கிறது. ரசிகர்கள் வராமல் இருந்ததால் மட்டுமே ஓர் உரிமையாளர் போனதற்குச் சான்று உண்டா? அணியைக் கைவிடாமல் உரிமையாளரை மட்டும் எதிர்க்க வழி உண்டா? நெடுநாளாக இவற்றைக் கவனித்து வருபவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

வரவுசெலவு

முதலில் ஒரு திருத்தம். ஷெஃபீல்டு வெனஸ்டேயில் நடந்தது ஓரளவுக்குக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். வரிப் பாக்கியும் சம்பளப் பாக்கியும் பல மாதங்களாகவே அந்தக் கிளப்பின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. டிக்கெட், கடை என்று கைக்கு உடனே வரும் பணத்தையும் ரசிகர்கள் நிறுத்தியது ஏற்கெனவே மூச்சுத் திணறியவரின் மூக்கைப் பொத்தியதைப் போன்றது. அதனால்தான் பலித்தது. இதே புறக்கணிப்பைப் பெரும் செல்வாக்குள்ள ஒரு கிளப்பில் செய்திருந்தால் உரிமையாளருக்கு உறைத்தே இருக்காது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘போகலாமா, கூடாதா’ என்பதன்று. ‘இந்த உரிமையாளருக்குப் பணம் எந்த வாசல் வழியாக வருகிறது’ என்பதே. இங்கிலாந்தில் கிளப்புகளும் மற்ற நிறுவனங்களைப் போல ஆண்டுக் கணக்கை அரசுப் பதிவகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். முதல் பிரிவான பிரீமியர் லீக்கின் பெரிய கிளப்புகளுக்கு ஒளிபரப்பும் விளம்பர ஒப்பந்தங்களும்தான் முதன்மையான வருவாய், நுழைவு வருவாய் அவற்றுக்குப் பின்னால்தான். கீழ்ப் பிரிவுகளிலோ நிலைமை வேறு. அங்கே ஒளிபரப்புப் பணம் சொற்பம் என்பதால் ஒவ்வொரு நுழைவுச் சீட்டும் கணக்கில் வரும்.

மான்செஸ்டர் யுனைடெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் மால்கம் கிளேசர் அந்தக் கிளப்பை ஏறத்தாழ 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கினார். அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனின் சுமையோ கடனே இல்லாதிருந்த கிளப்பின் தலையில் ஏற்றப்பட்டது. மனம் வெறுத்த ஒரு பிரிவினர் அதே ஆண்டில் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற தனிக் கிளப்பைத் தொடங்கிக் கீழ்மட்ட லீக்கில் ஆடப் போனார்கள். உள்ளேயே இருந்தவர்கள் 2010-இல், கிளப்பின் பழைய அவதாரமான நியூட்டன் ஹீத்தின் பச்சையும் பொன்னிறமும் கொண்ட கழுத்துத் துண்டுகளைச் சிவப்புக்குப் பதிலாக அணிந்து வந்தார்கள். அந்த மார்ச்சில் ஏ.சி. மிலான் ஆட்டக்காரராக யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கு வந்த டேவிட் பெக்காம், ஆட்டம் முடிந்து வெளியேறும்போது கூட்டத்திலிருந்து வந்த அந்தத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்ட காட்சி உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்காது. ஆயினும் அசைவில்லை. துண்டு அணிந்தவர்களும் டிக்கெட் வாங்கியே உள்ளே வந்தார்கள். வராதவர்களின் இருக்கையில் வேறொருவர் அமர்ந்தார். 2021 மே 2 அன்று ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் புகுந்ததால் லிவர்பூலுடனான ஆட்டமே தள்ளிப்போனது. 2024-இல் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கிளப்பில் கால்பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கினார். கட்டுப்பாட்டுப் பங்கு கிளேசர் குடும்பத்திடமே இருந்தது.

லிவர்பூல் ரசிகர்கள் வேறு வாசலைக் கண்டுபிடித்தார்கள். டாம் ஹிக்ஸ், ஜார்ஜ் ஜில்லெட் இருவரும் 2007-இல் கடன் வாங்கியே அந்தக் கிளப்பை வாங்கியிருந்தார்கள். 2010-இல் பழைய கடனைப் புதிய கடனால் அடைத்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. அந்தக் கடனைக் கொடுக்கக்கூடும் என்று பெயர் அடிபட்ட நிதி நிறுவனங்களுக்கெல்லாம், ‘இவர்களுக்குப் பணம் தராதீர்கள்’ என்று ரசிகர்கள் மின்னஞ்சல் மழை பொழிந்தார்கள். யாரும் கடன் தர முன்வரவில்லை. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், அக்டோபரில் கிளப் கைமாறியது. மின்னஞ்சல் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மைதானத்தில் போட்ட சத்தத்தைவிட, கடன் கொடுப்பவரின் மேசையில் குவிந்த கடிதங்கள் உரிமையாளருக்குக் கூடுதலாக வலித்திருக்கும் என்பது என் கணிப்பு.

மழைமாடம்

வரவுசெலவு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பணத்தின் வாசல் முக்கியம்தான். ஆனால் கணக்கில் வராத ஒன்றும் புறக்கணிப்பில் இருக்கிறது என்பதற்குப் பிளாக்பூல் சாட்சி.

2010-11 சீசனில் பிரீமியர் லீக்கில் ஆடிய அந்தக் கிளப்புக்கு அப்போது கிடைத்த பெரும் பணத்தில் கணிசமான பகுதி உரிமையாளரான ஆய்ஸ்டன் குடும்பத்தின் நிறுவனங்களுக்குப் போனது. அணி வரிசையாகத் தரமிறங்கியது. விமர்சித்த ரசிகர்கள் மீதே அவதூறு வழக்குகள் பாய்ந்தன. 2015 மே மாதம் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிரான ஆட்டத்தில் ரசிகர்கள் ஆடுகளத்தில் இறங்கி அமர்ந்துகொள்ள, ஆட்டம் கைவிடப்பட்டது. பிறகு ‘இனி ஒரு பென்னிகூடக் கிடையாது’ என்பதே அவர்களுடைய நோன்பாகிவிட்டது.

கோல்கம்பத்தோரம் கேட்ட தர்மசங்கடத்தின் கூர்முனை 2017 மே மாதம் வந்தது. நான்காம் பிரிவுக்கே இறங்கிவிட்டிருந்த அணி, தரம் உயர்வதற்கான இறுதி ஆட்டத்துக்கு வெம்பிளிக்குப் போனது. பிறந்ததிலிருந்து அந்த அணியைப் பின்தொடர்ந்த ஆயிரக்கணக்கானவர்கள் அன்றும் போகவில்லை. அணி 2-1 என்று வென்று மேலேறியது. மகிழ்ச்சியாலும் அதை நேரில் காணாத துக்கத்தாலும் ஒரே நேரத்தில் தொண்டை அடைத்த அந்த மாலையை எந்த ஆண்டுக் கணக்கிலும் தேட முடியாது.

முடிவைக் கொண்டுவந்தது நீதிமன்றம்தான், மறுக்கவில்லை. சிறுபங்குதாரரான வலேரி பெலோகோன் தொடுத்த வழக்கில், அவருக்கு 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அது முழுதாகக் கைக்கு வராததால் 2019 பிப்ரவரியில் கிளப்பை நிர்வகிக்க நீதிமன்றமே ஒருவரை நியமித்தது. ஆனால் அந்த இடைக்காலம் முழுவதும் மைதானம் நிரம்பி வழிந்திருந்தால், ‘எல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது’ என்று வெளியுலகம் கடந்து போயிருக்கும். காலி இருக்கை என்பது வருவாய் இழப்பு மட்டுமன்று, ஒவ்வொரு வாரமும் கேமராவில் பதிவாகும் ஒரு வாக்குமூலம்.

ஆய்ஸ்டன் பிடி விலகியதும் ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக உள்ளே போனார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் அமராமல் அழுக்கேறி, பறவை எச்சம் படிந்து கிடந்த இருக்கைகளைத் தாங்களே துடைத்தார்கள். 2019 மார்ச் 9 அன்று சவுத்தெண்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 15,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதற்கு முன்பு சில ஆயிரங்களைத் தாண்டுவதே அரிதாக இருந்த இடம் அது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அன்றைக்கு அதை யார் பொருட்படுத்தினார்கள்?

கோல்கம்பத்தோரம்

இருவருக்கும் நன்றி. ஆனால் பிளாக்பூலில் நான்காண்டு ஆகியிருக்கிறது. அந்த நான்காண்டில் பத்து வயதிலிருந்து பதினான்கு வயதுக்கு வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்த மைதானமே அந்நியமாகியிருக்குமே? இவ்வளவு நீண்ட விலகல் தேவைப்படாத, சிறியதான, ஆனால் பலித்த எதிர்ப்பு ஏதேனும் உண்டா?

தொடுகோடு

உண்டு. 2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூலில் நடந்தது. புதிதாகக் கட்டப்பட்டு வந்த முதன்மை மாடத்தில் மிக உயர்ந்த டிக்கெட் விலை 77 பவுண்டு என்று கிளப் அறிவித்திருந்தது. சண்டர்லாண்டுடனான ஆட்டத்தில் லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தபோது, சரியாக 77-ஆவது நிமிடத்தில், ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அவர்கள் போனபின் சண்டர்லாண்ட் இரண்டு கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டது; ‘கூட்டம் வெளியேறியதால்தான்’ என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைத் திரும்பப் பெற்றார்கள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கோரிக்கை ஒற்றை வரியில் இருந்தது. உரிமையாளரைப் போகச் சொல்லவில்லை, ஒரு விலையை மாற்றச் சொன்னார்கள். முகம் கெடாமல் பின்வாங்க அவர்களுக்கு இடமிருந்தது. ‘கிளப்பை விற்றுவிட்டுப் போ’ என்னும்போது அந்த இடம் இருப்பதில்லை. வாங்க ஆள் வேண்டும், விலை படிய வேண்டும். ரெடிங் ரசிகர்கள் 2024 ஜனவரி 13 அன்று போர்ட் வேலுடனான ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் உரிமையாளர் டாய் யோங்கே கிளப்பை விற்று முடிக்க 2025 மே வரை ஆனது.

அரைத்தடுப்பு

ஜெர்மனியை யாரும் சொல்லவில்லையே. அங்கே பொதுவாக ஒரு கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். ‘ஐம்பதும் ஒன்றும்’ என்று அந்த விதியைச் சொல்வார்கள். 2023 டிசம்பரில், லீக்கின் ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு இருபது ஆண்டுகளுக்குக் கொடுக்கும் திட்டத்தைக் கிளப்புகள் வாக்கெடுப்பில் ஏற்றன. ரசிகர்கள் ஆட்டத்தின் முதல் 12 நிமிடங்கள் மௌனம் காத்தார்கள். பிறகு டென்னிஸ் பந்துகளையும், பொன்தாள் சுற்றிய சாக்லேட் காசுகளையும் ஆடுகளத்தில் வீசினார்கள்; ஓரிடத்தில் புகை கக்கும் பொம்மைக் கார்களைத் தொலையியக்கியால் ஓட்டவும் செய்தார்கள். டென்னிஸ் பந்து யாரையும் காயப்படுத்தாது, ஆனால் நூற்றுக்கணக்கில் உருண்டு கிடப்பவற்றைப் பொறுக்கி முடிப்பதற்குள் ஒளிபரப்பு அட்டவணை குலைந்துவிடும். வரவுசெலவு சொன்ன ‘வாசல்’ இதுதான்: வந்தவர் வாங்க நினைத்தது ஒளிபரப்பை, கெட்டதும் ஒளிபரப்பு. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தப் பேச்சுவார்த்தையைக் கைவிட்டது.

இதை அப்படியே இங்கிலாந்தில் செய்து பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியில் வீசியவர்களில் பலர் அந்தந்தக் கிளப்பின் உறுப்பினர்கள்; அடுத்த பொதுக்குழுவில் தலைவரைக் கேள்வி கேட்கக் கூடியவர்கள். அந்த வாக்குச்சீட்டின் பலம் பந்துக்குப் பின்னால் இருந்தது.

மழைமாடம்

அணியைக் கைவிடாமல் இருக்க வழி உண்டா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. உண்டு: வெளியூர் ஆட்டங்கள். இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் நுழைவு வருவாய் பொதுவாக எந்தக் கிளப்பின் மைதானத்தில் ஆட்டம் நடக்கிறதோ அந்தக் கிளப்புக்கே போகும். ஆகவே சொந்த மைதானத்தைப் புறக்கணித்த பிளாக்பூல் ரசிகர்களில் பலர் வெளியூர் மாடங்களில் நின்று தங்கள் அணிக்காகப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் காசு எதிரணியின் பெட்டிக்குப் போனது, பாட்டு மட்டும் தம் பையன்களின் காதுக்குப் போனது. நீங்கள் சொன்ன பத்து வயதுப் பிள்ளையையும் அங்கே அழைத்துப் போகலாம்.

லீக்குக்கு வெளியே நடக்கும் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை ஆட்டங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே வருவாய் இரு அணிகளுக்கும் பகிரப்படுகிறது, எனவே வெளியூரில் வாங்கும் டிக்கெட்டிலும் ஒரு பங்கு உங்கள் உரிமையாளரிடம் வந்து சேரும்.