இங்வே மால்ம்ஸ்டீன் முதல் ஆல்பம்: வேகத்தத் தவிர என்ன இருக்கு?

தங்கச்சிமடத்தான்
அண்ணன்மாரே ஒரு டவுட்டு. நான் சர்ச் கொயர்ல கிட்டார் வாசிக்கிறேன், கார்டு பிடிச்சு, அதாவது மூணு நாலு சுரத்த ஒண்ணா அமுக்கி, ஸ்ட்ரம் பண்றதோட சரி. இப்ப மீன்பிடி தடைக்காலம், போட்டெல்லாம் சும்மா கெடக்கு, பொழுது போகாம யூடியூப்ல நோண்டிக்கிட்டு இருந்தப்ப 'ரைசிங் ஃபோர்ஸ்' மாட்டுச்சு, இங்வே மால்ம்ஸ்டீன்னு ஒரு ஸ்வீடன் கிட்டார்காரரோட முதல் ஆல்பம், 1984ல வந்ததாம். முதல் டிராக்கு 'பிளாக் ஸ்டார்' ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எங்க கீபோர்டு அண்ணன்கிட்ட போட்டுக் காமிச்சா "இது சர்க்கஸ்டா, வெரல் ஓடுது, பாட்டு எங்க"ன்னு ஒரே போடா போட்டுட்டாரு. பாட்டே இல்லாத ஆல்பத்த எப்படி முழுசா கேக்குறது?

கீழக்கரை காக்கா
பாட்டே இல்லைன்னு யாரு சொன்னா தம்பி, எட்டு டிராக்குல ரெண்டுல ஜெஃப் ஸ்காட் சோட்டோ பாடியிருக்காரு, மிச்சம் ஆறுதான் வெறும் வாசிப்பு. டிரம்ஸ் யாருன்னு பாத்தியா, ஜெத்ரோ டல்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்டுல வாசிச்ச பாரிமோர் பார்லோ. உங்க கீபோர்டு அண்ணன 'ஃபார் பியாண்ட் த சன்'ல யென்ஸ் யோஹான்சன் கீபோர்டு வாசிக்கிறத மட்டும் கேக்கச் சொல்லு, அப்பறம் சர்க்கஸ்னு சொல்றாரான்னு பாப்போம். இங்வே ஸ்வீடன்ல இருந்து அமெரிக்கா போயி ஸ்டீலர், அல்கட்ராஸ்னு ரெண்டு பேண்டுல வாசிச்சுட்டு இத போட்டப்ப அவனுக்கு இருபது, இருபத்தொண்ணு வயசுதான், கிராமி நாமினேஷன் வேற.

நாயனவீட்டுப் பையன் ராமேஸ்வரம்
சர்க்கஸ்ங்கிறது கொஞ்சம் உண்மைதான், அத மறைக்க வேணாம். ஆனா வேகத்த ஒதுக்கிட்டு சுரத்தக் கேளுங்க. இந்த ஆல்பத்துல பெரும்பாலும் ஓடுறது ஹார்மோனிக் மைனர்ங்கிற ஸ்கேலு, அதாவது நம்ம கீரவாணி ராகம். தைவதம் ('த') கீழ நிக்கும், நிஷாதம் ('நி') மேல ஏறி நிக்கும், நடுவுல ஒரு பெரிய தாவு இருக்குல்ல, அந்த ஏக்கம் அங்கருந்துதான் வருது. அதே சுரங்கள பஞ்சமத்த ('ப') 'ச'வா வச்சு வாசிச்சா வகுளாபரண ராகம், அதையும் விடமாட்டான். இளையராஜா பாட்டு கேட்டு வளந்த காதுக்கு இது ஒண்ணும் அந்நியம் இல்ல, அதான் உங்களுக்கு உடனே ஒட்டிக்கிச்சு.

இன்னொண்ணு அவன் கிட்டார்ல ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்க இருக்க மெட்டு) நடுவுல கட்டைய குடைஞ்சு பள்ளமாக்கி வச்சிருப்பான், வெரல் கட்டையில படாது கம்பியில மட்டும்தான் நிக்கும். வீணையில மெழுகு மேல மெட்டு உசந்து நிக்குறதால கம்பிய இழுத்து கமகம், அதாவது சுர அசைவு, குடுக்குறோம்ல, கிட்டத்தட்ட அந்த வசதி. 'பிளாக் ஸ்டார்'ல ஆரம்பத்துல அக்கூஸ்டிக் முடிஞ்சு மெயின் டியூன் வரும்போது ஒரு சுரத்தப் பிடிச்சு விடாம அசைப்பான் பாருங்க. அந்த அசைவ விட்டுட்டு வேகத்தப் பத்தி மட்டும் பேசுறவங்க கூட நான் சண்டைக்கு வருவேன்.

மண்டபம் கேம்ப்
எல்லாம் சரிப்பா, ஆனா அவன் பின்னாடி போட்ட ஆல்பமெல்லாம் இதே அச்சுதான, முதல்ல இருந்த புதுசு எங்க போச்சு? எனக்கு அமெரிக்க கிட்டார்காரர் ஜேசன் பெக்கர்தான். 1988ல 'பெர்பெச்சுவல் பர்ன்' போட்டப்ப அவனுக்கு இருபது கூட ஆகல. 'ஆல்டிட்யூட்ஸ்' கேளு, அதுலயும் வேகம்தான், ஆனா அழுகை வருது. கொஞ்ச நாள்லயே ஏ.எல்.எஸ்.ங்கிற நரம்பு நோய் வந்து கை கால் பேச்சு எல்லாம் போச்சு, இப்பவும் கண்ணசைவுல எழுத்தக் காமிச்சு காமிச்சே மியூசிக் எழுதுறாரு.

கீழக்கரை காக்கா
பெக்கர் பெரிய ஆளுதான், மறுக்கல. ஆனா அந்தக் கதவத் தொறந்துவிட்டது யாரு மாப்ள? 'ரைசிங் ஃபோர்ஸ்' 84, உன் ஆளு 88.

தங்கச்சிமடத்தான்
ரெண்டையும் இறக்கிட்டேன். நாயனவீட்டு அண்ணே, அந்தப் பள்ளம் எங்கிட்டு இருக்க பழைய கிட்டார்ல நானே அரம் வச்சு ராவிரலாமா?

நாயனவீட்டுப் பையன் ராமேஸ்வரம்
ஐயோ சாமி வேணாம். பள்ளம் இருந்தா கொஞ்சம் அழுத்துனாலே சுதி ஏறிரும், நீங்க கார்டு பிடிக்கிற ஆளு, ஞாயித்துக்கெழமை பூசையில மொத்த கொயரும் உங்களத் திரும்பிப் பாக்கும். அவன் மாதிரி கம்பி இழுக்கணும்னா மெல்லிசு கம்பி செட்டு வாங்கிப் போடுங்க, அவன் முதல் கம்பி எட்டு கேஜ்தான், அதாவது 0.008 இஞ்ச் தடிமன். மேல பூச்சு (கோட்டிங்) உள்ள கம்பியா கேட்டு வாங்குங்க, நம்ம உப்புக்காத்துல சாதா கம்பி சீக்கிரமே துருப்பிடிச்சு வெரல அறுக்கும். வாசிச்சு முடிச்சதும் பழைய வேட்டித்துணியில தொடச்சு பையில போட்டு ஜிப்ப மூடுங்க, சுவத்துல மாட்டி வைக்காதீங்க.