கூகுள் ஆட்சென்ஸ் (தளத்தில் விளம்பரம் போட்டுக் காசு தரும் சேவை) பின் (PIN) எண் கடிதம் வரலை, என்ன செய்ய?

போச்சம்பள்ளி மாந்தோப்பு: மா சாகுபடி பற்றித் தமிழில் தளம். வருமானம் 10 டாலர் தாண்டி ஒரு மாசமாச்சு. முகவரியைச் சரிபார்க்கக் கூகுள் அனுப்புற பின் எண் கடிதத்தைக் காணோம். காசும் பைசா பைசாவாத்தான் ஏறுது.

காவேரிப்பட்டணம்: தம்பி, அது சாதாரணத் தபால், 2 முதல் 4 வாரம் ஆகும். முகவரியில் கதவு எண், அஞ்சலகப் பேர், பின்கோடு சரியான்னு பாருங்க. திருத்திட்டு மறுபடி கேளுங்க. முதல் பின் உருவான நாளிலிருந்து 4 மாசத்துல பதியலைன்னா விளம்பரம் நின்னுடும். பணம் 100 டாலர் சேர்ந்தாத்தான் கிளம்பும்.

அரூர்: தளப் பக்கத்தில் எழுதியிருக்கிறதைப் பார்த்தும் விளம்பரம் பொருந்தும். ‘மாம்பழம்’னு பொதுவா எழுதாம சொட்டுநீர்க் குழாய், பெங்களூரா ரக மாங்கூழ் ஆலைன்னு தனித்தனிப் பக்கம் போடுங்க. தளத்துல யார் விளம்பரம் விற்கலாம்னு சொல்ற ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (ads.txt) கோப்பு தளத்தின் வேர் அடைவில் (root) இருக்கணும்.

காவேரிப்பட்டணம்: சொந்தக்காரங்களை விளம்பரத்தைச் சொடுக்கச் சொல்லிடாதீங்க, கணக்கே போயிடும்.