நோய்ப்பெயர் மூட்டம்: ‘டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

நோயாளிக்கு முன்பே இட்ட நோய்ப்பெயர் மருத்துவரின் கண்ணை மறைத்து, புதிய அறிகுறிக்கும் அதையே காரணமாக்கிவிடும் பிழைதான் ‘டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்’. இதற்குத் தமிழ்ச்சொல்லாகக் குழுவில் ஒருவர் முன்வைத்தது:

> ‘மனநோய் நிழல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லிலும் நிழல் இருக்கிறது, எளிமையாகவும் இருக்கிறது.

எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்தச் சொல் இரண்டு இடங்களில் இடிக்கிறது.

முதலாவது ‘மனநோய்’. 1982இல் ஸ்டீவன் ரைஸும் சக ஆய்வாளர்களும் இக்கருத்தை முன்வைத்தபோது பேசியது அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி. அவர்களுக்கு வரும் மனநலச் சிக்கலைத் தனியாகப் பார்க்காமல், குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் கண்டது. அங்கே மறைபடுவதே மனநோய்! உடல்நோய் மறைபடுவதற்கு இச்சொல் பின்னர்தான் விரிந்தது.

இரண்டாவது ‘நிழல்’. தமிழில் நிழல் என்றால் அண்டுவதற்கு இடம். தாள்நிழல், குடைநிழல் என்று அருளோடும் ஆதரவோடும் வரும் சொல்லை, உயிருக்கே உலை வைக்கும் பிழைக்குப் பெயராக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மனச்சிதைவுக்குத் தரப்படும் க்ளோசபின் என்ற மருந்தை உட்கொள்ளும் ஒருவர், “வயிறு அடைத்துக் கிடக்கிறது, உள்ளே எதுவும் நகரவில்லை” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் ஏற்கெனவே மனச்சிதைவு என்று இருக்கிறது. இரவுப் பணியில் உள்ள பயிற்சி மருத்துவர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ‘உடல் சார்ந்த பிறழ்நம்பிக்கை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அந்த மருந்தோ குடலின் அசைவையே மந்தப்படுத்தக்கூடியது; மலச்சிக்கலில் தொடங்கிக் குடலடைப்பாகி உயிரையும் வாங்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் இதற்கான எச்சரிக்கையை வலுப்படுத்தியது. நோயாளி சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மையாக இருக்கக்கூடும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் தடுக்கக்கூடிய உடல்நோய்களால் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும்போது, இந்தப் பிழைக்கு மாணவர் வாயில் நிற்கும் ஒரு பெயர் இல்லாதிருப்பது பெருங்குறை.

இங்கே மருத்துவரின் கண்ணை மறைத்தது நோய் அல்ல, நோய்க்கு இட்ட பெயர். ஆகவே ‘நோய்ப்பெயர்’ முதலில் வரட்டும். ‘நோய்ப்பெயர் மறைப்பு’ என்றால், நோயாளியிடம் பெயரைச் சொல்லாமல் மறைப்பது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘திரை’ வந்தால், நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதிக்கும் திரையிடலோடு (ஸ்கிரீனிங்) குழம்பும்.

என் பரிந்துரை ‘நோய்ப்பெயர் மூட்டம்’. பனிமூட்டம், புகைமூட்டம் போலவே இதிலும் மறைக்கும் பொருள் முன்னால் நிற்கிறது, விளக்காமலே புரியும்.

வரையறை: ‘முன்பே இட்ட நோய்ப்பெயரின் கணக்கில் புதிய அறிகுறியையும் சேர்த்துவிட்டு, வேறு காரணத்தைத் தேடாமல் விடுதல்.’ ‘வேறு நோயை’ என்று வேண்டுமென்றே எழுதவில்லை. மருந்தால் வரும் இருப்புக்கொள்ளாமையை நோயின் கொந்தளிப்பு என்று எண்ணி, அதே மருந்தின் அளவைக் கூட்டிவிடுவதும் இதில் அடங்க வேண்டும்.

வினைச்சொல் மட்டும் இன்னும் அமையவில்லை. ‘மூட்டமிட்டது’ ஒட்டவில்லை, ‘மூட்டம் போட்டது’ வானத்துக்குச் சரி, நோயாளியின் கோப்பில் எழுத வருமா? வார்டில் பணிபுரிபவர்கள் சொல்லுங்கள்.